தீவுக்கு ரேடியோ தூக்கிப் போகிறீர்களா? முதலில் சோற்றுக்கு வழி பாருங்கள்

உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் தூர தேசத்தோடு பேசுகிற ஹாம் ரேடியோக்காரர்கள் தீவுப் பயணத்துக்குப் பட்டியல் போட்டால் ஆன்டெனா, கோஆக்ஸ் கேபிள், பேட்டரி, கம்பம் என்று பக்கம் பக்கமாகப் போகும். கடைசி வரியில் ‘சாப்பாடு: அங்கே பார்த்துக்கலாம்’ என்று இருக்கும். காவிரிக் கடைமடையில் பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் அந்த வரிதான். ஹோட்டல் இருக்காது. இருக்கும் ஒரு பெட்டிக்கடையில் பிஸ்கட்டும் சோடாவும்தான் கிடைக்கும். நல்ல சிக்னல் வரும் நேரத்தில் பாதிப் பேர் சோறு தேடிப் போயிருப்பார்கள். இதையெல்லாம் அலைந்து திரிந்து கற்றுக்கொண்டு எழுதுகிறேன். முதல்முறை வருகிற உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

ஆன்டெனா கட்டுவது, ரிக் (ரேடியோ செட்) தேர்ந்தெடுப்பது பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். இங்கே பேச்சு சாப்பாட்டைப் பற்றித்தான். சாப்பாட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் ரேடியோவும் வரும்.

1. எந்தத் தீவு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

டெல்டாவில் ‘தீவு’ என்று சொல்லிக் கிளம்புகிறவர்கள் மூன்று வகை இடங்களுக்குப் போகிறார்கள். மூன்றிலும் சாப்பாட்டு ஏற்பாடு வேறு வேறு.

முதல் வகை ஆற்றுத் தீவு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் ஸ்ரீரங்கம்தான் இதில் பெரியது. தெருவுக்குத் தெரு மெஸ் இருக்கிறது, எந்த ஏற்பாடும் வேண்டாம். ஆனால் ஐ.ஓ.டி.ஏ. என்று நாம் சொல்லும் ‘ஐலண்ட்ஸ் ஆன் தி ஏர்’, அதாவது தீவுகளோடு பேசிய ரேடியோ தொடர்புகளைக் கணக்கு வைக்கும் திட்டம், கடல் தீவுகளுக்கானது. ஆற்றுத் தீவு அந்தக் கணக்கில் வராது. புதியவர்கள் சிலர் இது தெரியாமல் ஸ்ரீரங்கத்திலிருந்து ‘ஐ.ஓ.டி.ஏ.’ என்று கூப்பிடுகிறார்கள். மறுமுனையில் இருப்பவர் லாகில் (தொடர்புப் பதிவேட்டில்) எழுதிக்கொண்டு, பிறகு பட்டியலில் தேடி ஏமாறுவார்.

இரண்டாவது, கழிமுகத்து மீனவ ஊர்கள். கொள்ளிடம் கடலில் சேரும் இடத்தில், பிச்சாவரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கொடியம்பாளையம் மாதிரி. வீடு இருக்கும், அடுப்பு இருக்கும், கரண்ட் இருக்கும், மீன் வாசலிலேயே வந்து இறங்கும். முதல் பயணத்துக்கு இந்த வகையைத்தான் சொல்வேன். நீங்கள் போகும் இடம் ஐ.ஓ.டி.ஏ. பட்டியலில் செல்லுமா என்பதை மட்டும் அவர்களுடைய விதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அறிவியுங்கள்.

மூன்றாவது, முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள் இருக்கும் திட்டுகள். ஜாம்புவானோடையிலிருந்து படகில் போக வேண்டும். வீடும் கிடையாது, கடையும் கிடையாது. வனத்துறைக்குச் சொந்தமான காடு, அடுப்பு மூட்ட முடியாது. காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிற பயணமாக வைத்துக்கொள்ளுங்கள். இங்கே கட்டுச்சோறுதான் ஒரே வழி. அதைப் பற்றி ஆறாவது படியில் விரிவாக வருகிறது.

2. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒன்றையும் விடாதீர்கள்.

- அமெச்சூர் (ஹாம்) உரிமம், அசலும் நகலும். உரிமத்தில் உள்ள முகவரியை விட்டு வேறு இடத்தில் இயக்கப் போவதால், உரிமம் தரும் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவுக்கு முன்கூட்டியே எழுதுங்கள். எழுதியதற்கான சான்றும் பதிலும் கையில் இருக்கட்டும்.
- ரிக் வாங்கிய ரசீது.
- ஆதார் போன்ற அடையாள அட்டை, குழுவில் எல்லாருக்கும். சமைக்க வரும் நண்பருக்கும் சேர்த்து.
- உள்ளூர்க் காவல் நிலையத்துக்கும் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கும் ஒரு பக்கக் கடிதம். தேதி, இடம், ஆட்களின் பெயர், கால்சைன் (உரிமத்தில் உள்ள அழைப்புக்குறி), வண்டி எண், படகு எண் இருக்க வேண்டும். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.
- முத்துப்பேட்டை என்றால் வனத்துறை அனுமதி. விண்ணப்பத்தில் ‘ரேடியோ கருவி, கம்பம், பேட்டரி’ என்று வெளிப்படையாக எழுதுங்கள். ‘சுற்றிப் பார்க்க’ என்று எழுதிவிட்டு 10 மீட்டர் கம்பத்தோடு போய் இறங்கினால் திருப்பி அனுப்புவார்கள்.

வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் பாக் நீரிணையைத் தாண்டினால் இலங்கை. கடலோரத்தில் புது ஆட்கள், கம்பி, ஹெட்போன், பெட்டி என்றால் யாருக்கும் சந்தேகம் வரும், அது நியாயமும்கூட. சாட்டிலைட் போன் மட்டும் கொண்டுவரவே வேண்டாம். அனுமதி இல்லாமல் வைத்திருந்தால் இந்தியாவில் குற்றம்.

ரயிலில் வருகிறவர்களுக்கு ஒன்று. கேம்பிங் கேஸ் சிலிண்டர், ஸ்டவ், ஜெனரேட்டருக்கான பெட்ரோல் எதையும் ரயிலில் ஏற்றக் கூடாது. சிதம்பரத்திலோ சீர்காழியிலோ இறங்கிய பிறகு பார்த்துக்கொள்ளுங்கள்.

காகிதத்தில் இல்லாத அனுமதி ஒன்று இருக்கிறது. மீனவ ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்தார் சொல்வதுதான் சட்டம். அவர்களைப் பார்க்காமல் நேராக ஒரு வீட்டில் போய்த் தங்கினால் அந்த வீட்டுக்காரருக்குத்தான் சங்கடம். வெற்றிலை பாக்கு, பழத்தோடு போய், என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லுங்கள். ஒரு கையடக்க செட்டை எடுத்துப் பேசிக் காட்டுங்கள். படகில் வயர்லெஸ் வைத்திருப்பவர்கள் அவர்கள், உடனே புரிந்துகொள்வார்கள். நல்ல கேள்வியும் கேட்பார்கள்.

3. சமைத்துத் தரும் வீட்டைப் பிடியுங்கள்

பஞ்சாயத்தாரிடமே கேட்டால் வீட்டைக் காட்டிவிடுவார்கள். இல்லையென்றால் மகளிர் சுய உதவிக் குழுவில் கேளுங்கள். கணக்கு வழக்கு தெரிந்தவர்கள், ஆள் கூடினாலும் குறைந்தாலும் சமாளிப்பார்கள். இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒருமுறை நேரில் போவது நல்லது. முடியாவிட்டால் போனிலாவது பேசிவிடுங்கள். மூன்று நாளைக்கு முன் ஒருமுறையும் முந்தின நாள் ஒருமுறையும் நினைவுபடுத்துங்கள்.

பேச வேண்டியவை: எத்தனை பேர், எத்தனை வேளை, அதில் சைவம் எத்தனை, அரிசியும் மளிகையும் யார் வாங்குவது, மீனும் விலைக்குள் சேர்த்தியா தனியா, அடுப்பு விறகா கேஸா, சாப்பாடு ஆன்டெனா போட்ட இடத்துக்கு வருமா நாம் வீட்டுக்குப் போக வேண்டுமா. கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ரேடியோ மணல் திட்டில் இருக்கும், வீடு ஊருக்குள் இருக்கும். நடுவில் வெயிலில் நடந்து வந்து சாப்பிட்டுத் திரும்ப ஒரு மணி நேரம் போய்விடும். தூக்குச்சட்டியில் கொண்டுவந்து தர ஒரு பையனை ஏற்பாடு செய்து, அவனுக்குத் தனியாகக் கொடுத்துவிடுங்கள்.

பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

“தம்பி, வஞ்சிரம் வேணுமா?”

“என்ன கெடைக்குதோ அது போதும்க்கா. ஆனா ராத்திரிக்கு மீன் வேண்டாம். இட்லி, சட்னி போதும்.”

“மீன் வேண்டாமா? தீவுக்கு வந்துட்டு?”

“மத்தியானம் ஒரு புடி புடிச்சுர்றோம்க்கா.”

வஞ்சிரம்தான் வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். அவர்கள் வெளியிலிருந்து விலை கொடுத்து வாங்கி வந்து போடுவார்கள். வலையில் அன்றைக்கு ஏறியது அதைவிடப் புதுசாக இருக்கும், விலையும் பாதிதான் ஆகும். ராத்திரிக்கு ஏன் மீன் வேண்டாம் என்பது ஐந்தாவது படியில்.

ஒரு பொறி: தரகர். ‘ஏ.சி. படகு, பஃபே’ என்று பேசுகிற ஆள் ஒருவர் எங்களுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு, பக்கத்து டவுன் ஹோட்டலிலிருந்து பொட்டலம் கட்டி அனுப்பினார். நேராகச் சமைக்கிறவரிடம் பேசி, பாதிப் பணத்தை அவர் கையிலேயே கொடுங்கள்.

4. இலையில் என்ன வரும்

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். எதை எப்போது கேட்பது என்று தெரிந்தால்தான் ஏற்பாடு சரியாக அமையும்.

பட்டணத்திலிருந்து ஆள் வருகிறார்கள் என்றால் காலையில் உங்களுக்காக இட்லிக்கு மாவாட்டி வைத்திருப்பார்கள். வீட்டுக்காரர்கள் சாப்பிடுவது பழைய சோறு. ‘எங்களுக்கும் அதுவே போதும்’ என்று முந்தின நாள் மாலையே சொல்லிவிடுங்கள், கூடுதலாகச் சோறு வடித்துத் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம், மோர் மிளகாய், வறுத்த நெத்திலிக் கருவாடு. எல்லாவற்றையும்விட முந்தின நாள் மீன் குழம்பு. மண்சட்டியில் மிச்சம் இருக்கும் குழம்பைக் காலையில் சின்னத் தீயில் வைப்பார்கள். விளிம்பில் எண்ணெய் பிரிந்து, அடியில் மசாலா ஒட்டிச் சுண்டி, கரண்டியில் எடுத்தால் வழியாது. அதை ஒரு விரலில் தொட்டு, ஒரு கவளம் பழைய சோறு. சட்டியை வழித்துத் தரட்டுமா என்று அக்கா கேட்டால் கூச்சப்படாமல் சரி என்று சொல்லுங்கள். விடிய விடிய ஹெட்போன் போட்டு உட்கார்ந்தவனுக்கு வயிறு குளிர இதைவிட ஏற்றது எனக்குத் தெரியாது.

மதியம் குழம்பு. கழிமுகத்தில் மடவை, கெளுத்தி, கொடுவா, கிழங்கான் எது வேண்டுமானாலும் வரும். புளி கரைத்து, மாங்காய்க் காலத்தில் மாங்காய் போட்டு, கடைசியில் தாளிப்பு வடகம் பொரித்துக் கொட்டுவார்கள். தேங்காய் அரைத்து ஊற்றுவது வீட்டுக்கு வீடு மாறும். வடகத்தின் வாசனை வந்துவிட்டால் குழம்பு இறங்கப் போகிறது, மைக்கைக் கைமாற்றிவிடலாம். கிழங்கானில் முள் தொந்தரவு குறைவு. காரல் மாதிரிப் பொடி மீனில் முள் அதிகம், அவசரத்துக்கு ஆகாது.

நண்டு பற்றித் தனியாக எச்சரிக்க வேண்டும். முத்துப்பேட்டைப் பக்கம் சேற்று நண்டு அருமையாக இருக்கும். ஆனால் நண்டு சாப்பிட இரண்டு கையும் வேண்டும், முக்கால் மணி நேரமும் வேண்டும். பைல்-அப், அதாவது பலர் ஒரே நேரத்தில் நம்மைக் கூப்பிடும் நெரிசல், ஓடுகிற நாளில் நண்டு வறுவல் வந்தால் ஒன்று ரேடியோ நிற்கும், இல்லை நண்டு ஆறிப்போகும். திரும்புகிற நாளுக்கு முந்தின மதியம் சொல்லுங்கள். நிலாக் காலத்து நண்டில் சதை இருக்காது, அமாவாசையை ஒட்டிப் பிடித்ததுதான் நிறைந்திருக்கும் என்று மீனவர்கள் சொல்வார்கள். அதையும் கேட்டு நாள் குறிக்கலாம்.

ஆப்பரேட்டருக்கென்றே செய்த மாதிரி ஒன்று உண்டு, சுறாப் புட்டு. வேகவைத்து, தோலும் எலும்பும் நீக்கி, உதிர்த்து, வெங்காயம், பூண்டு, பச்சைமிளகாயோடு வதக்கியது. முள் பயம் இல்லை. ஸ்பூனில் அள்ளலாம், ஒரு கை போதும், கண் ஸ்கிரீனிலேயே இருக்கலாம். பால் சுறா கிடைத்தால் முதல் வேலையாக இதைச் செய்யச் சொல்லுங்கள். இறால் தொக்கும் அப்படித்தான். ஆனால் குழுவில் யாருக்காவது இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதா என்று கிளம்பும் முன் கேட்டுவிடுங்கள். தீவில் வைத்துக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயம் இல்லை அது.

சைவக்காரர்களுக்கு வத்தக்குழம்பு, முருங்கைக்கீரை, சுட்ட அப்பளம் கட்டாயம் கிடைக்கும். சட்டியும் கரண்டியும் தனியாக வேண்டும் என்றால் நீங்களே ஒரு பாத்திரம் கொண்டுபோய்க் கொடுங்கள். மீன் சமைக்கும் வீட்டில் போய் மூக்கைப் பொத்துவது அழகில்லை. பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் பையில் இருந்தால் யாருக்கும் தொல்லை இல்லை.

முத்துப்பேட்டை வழியாகப் போனால் வழியிலேயே கொஞ்சம் வாங்கிக்கொள்ளலாம். கூத்தாநல்லூர் தம்ரூட் ரவை, முட்டை, நெய் போட்டுச் செய்வது. ஒரு துண்டு போதும், பசி அடங்கிவிடும். நாகூர் வழியாக வருகிறவர்கள் இறால் வைத்துச் சுட்ட வாடா வாங்கலாம். அது சூடாக இருக்கும்போதே முடிக்க வேண்டியது, தீவு வரைக்கும் தாங்காது. ரம்ஜான் மாதத்தில் முஸ்லிம் வீடுகளில் மதியச் சாப்பாடு கேட்காதீர்கள். சாயங்காலம் நோன்புக் கஞ்சி அவர்களாகவே கூப்பிட்டுக் கொடுப்பார்கள்.

5. அலை வரும் நேரத்தையும் அடுப்பு நேரத்தையும் பொருத்துங்கள்

அமெச்சூர் பேண்டுகளுக்கு (நமக்கு ஒதுக்கிய அலைவரிசைகள், 40 மீட்டர், 20 மீட்டர் என்று அலைநீளத்தை வைத்துப் பெயர்) அவற்றுக்கென்று நேரம் இருக்கிறது. அடுப்பு அதை அனுசரித்துப் போக வேண்டும்.

சூரிய உதயத்தை ஒட்டி மேற்குப் பக்கம் இன்னும் இருட்டாக இருக்கும், 40 மீட்டரில் தூரத்து நிலையங்கள் கேட்கும். அஸ்தமனத்தை ஒட்டிக் கிழக்கில் இருட்டிவிடும், அந்தப் பக்கம் திறக்கும். மாலையிலிருந்து 20 மீட்டரில் ஐரோப்பா வந்து குவியும். ஆகவே காலை 5:30 முதல் 7:30 வரையும், மாலை 5:30 முதல் இரவு 9 வரையும் யாரையும் சாப்பிடக் கூப்பிடக் கூடாது. உச்சி வெயிலில் 40 மீட்டர் மாதிரிக் கீழ் பேண்டுகளின் அலையை வானத்தின் அடி அடுக்கு விழுங்கிவிடும். 15, 10 மீட்டரில் ஒருவர் உட்கார்ந்தால் போதும், மற்றவர்கள் இலை போடலாம்.

இதை அக்காவுக்குச் சொல்லும்போது இவ்வளவு விளக்கம் வேண்டாம். காலைச் சாப்பாடு 8 மணிக்கு, மதியம் 12:30-க்கு, சாயங்காலம் 4:30-க்குக் காப்பி, ராத்திரி 9-க்கு மேல். எழுதியே கொடுத்துவிடுங்கள். கிராமத்தில் ராத்திரி 9 என்பது தூங்கும் நேரம். 7 மணிக்கே இட்லி அவித்துத் துணியில் சுற்றித் தூக்குச்சட்டியில் அனுப்பிவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் மீன் வேண்டாம் என்றதற்குக் காரணம் வெளிச்சம். நெற்றி விளக்கில் பூச்சி மொய்க்கும்போது முள் பார்த்து எடுக்க முடியாது.

ஐ.ஓ.டி.ஏ. போட்டி ஜூலை மாதக் கடைசி முழு வார இறுதியில் வரும். நம் நேரப்படி சனிக்கிழமை மாலை 5:30-க்குத் தொடங்கி ஞாயிறு மாலை 5:30-க்கு முடியும். சனிக்கிழமை மதியம் வயிறு முட்டச் சாப்பிட்டால் 6 மணிக்கு மைக் முன்னாலேயே கண் சொக்கும். அன்றைக்கு ரசமும் மோரும் போதும். விருந்தை ஞாயிறு மாலைக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அதிகம் யாரும் சொல்லாத ஒன்று, மிக்ஸி. மிக்ஸி மோட்டாரில் பிரஷ் பொறி பறக்கும், அந்த இரைச்சல் நேராக ரிசீவரில் வந்து இறங்கும். வீட்டுக்குப் பக்கத்தில் டைபோல் ஆன்டெனா கட்டியிருந்தால், தேங்காய் அரைக்கிற நேரம் முழுக்க 40 மீட்டரில் சிக்னல் மீட்டர் முள் எஸ்9-ல் (பலத்த சிக்னலுக்கான அளவு) நிற்கும். மெல்லிய சிக்னலையும் கணினியே பிடித்துத் தரும் எஃப்டி8 முறையில் இருப்பவர்கூடத் தலையில் கை வைத்துக்கொள்வார். அக்காவிடம், ‘அரைக்கிறதெல்லாம் 5 மணிக்குள்ள முடிச்சிருங்கக்கா’ என்று சொல்லிவிட்டால் போதும். இன்டக்‌ஷன் அடுப்பும் சில மலிவு எல்.இ.டி. பல்புகளும் இதே தொல்லையைத் தரும். மறுபக்கமும் உண்டு. நீங்கள் 100 வாட்டில் அனுப்பும்போது வீட்டு டிவி ஸ்பீக்கரில் உங்கள் குரல் கரகரவென்று வரலாம். சீரியல் ஓடும் நேரத்தில் அது நடந்தால் மறுநாள் காலை இட்லி கல்லாக இருக்கும். ஆன்டெனாவை வீட்டிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட முடியுமோ அவ்வளவு தள்ளுங்கள். டிவியின் வயரில் மாட்ட இரண்டு ஃபெரைட் வளையம் கொண்டுபோங்கள்.

6. கட்டுச்சோறு: எது தாங்கும், எது தாங்காது

முத்துப்பேட்டைத் திட்டுகளுக்கு இது கட்டாயம். வீட்டுச் சாப்பாடு இருக்கும் ஊரிலும் ஒரு வேளைக்கு மிச்சமாக வைத்துக்கொள்ளுங்கள். காற்று மாறிப் படகு வராமல் போனால் அதுதான் உதவும்.

முதல் மரியாதை புளியோதரைக்கு. சாதத்தை உதிரியாக வடித்து, தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெய் ஊற்றி, நன்றாக ஆறிய பிறகு புளிக்காய்ச்சல் கலக்க வேண்டும். சூட்டோடு கலந்து மூடினால் மூடியில் வேர்த்து, அந்தத் தண்ணீரே சோற்றைக் கெடுக்கும். நன்றாகச் செய்தது மறுநாள் வரை தாங்கும். புளிக்காய்ச்சலைத் தனி டப்பாவில் கொண்டுபோனால் இன்னும் நல்லது.

எலுமிச்சை சாதத்தை அன்றைக்குள் முடித்துவிடுங்கள். தேங்காய் சாதம் கடலோர வெயிலில் மதியத்துக்கு மேல் ஊசிப்போகும், விட்டுவிடுங்கள். தயிர் சாதத்துக்கு ஒரு வழி இருக்கிறது. விடிகாலையில் குழைய வடித்த சோற்றில் காய்ச்சிய பாலை நிறைய ஊற்றி, ஒரே ஒரு கரண்டி தயிர் விட்டுக் கட்டுங்கள். மதியத்துக்குள் அதுவாகவே தயிராகி, புளிப்பு அளவாக இருக்கும். இட்லிக்கு மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் இரண்டு பக்கமும் தடவி வாழையிலையில் அடுக்குங்கள். சட்னி வேண்டாம்.

கை விஷயத்தை மறந்துவிடக் கூடாது. நாம் கையால் சாப்பிடுகிறவர்கள். அதே கைதான் மைக், மோர்ஸ் அடிக்கும் பேடில், கீபோர்டு எல்லாவற்றையும் தொடும். புளியோதரை எண்ணெயும் உப்பும் பேடிலின் தொடுமுனையில் பட்டால் புள்ளி ஒழுங்காக விழாது. லேப்டாப்பில் உப்புத் தண்ணீர் சொட்டினால் கேட்கவே வேண்டாம். மேசைக்குக் கீழே ஒரு சொம்புத் தண்ணீர், பழைய வேட்டித் துண்டு ஒன்று, ஆளுக்கொரு ஸ்பூன். மேசை மேல் சாப்பாடு வைப்பதில்லை என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி முறைக்குப் பிடிகொழுக்கட்டை, அவல், வேர்க்கடலை, கடலை மிட்டாய். பொருள்விளங்கா உருண்டை வாரக்கணக்கில் கெடாது, பசியும் தாங்கும். ஆனால் கடிக்கிற சத்தம் மைக்கில் ஜப்பான் வரைக்கும் போகும். மோர்ஸ் அடிக்கிறவரிடம் கொடுத்துவிடுங்கள். முறுக்கும் அப்பளமும் கடல் காற்றில் ஒரு மணி நேரத்தில் நமத்துவிடும். மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பா வேண்டும்.

காப்பிக்குப் பால்தான் பிரச்சினை. டிகாக்‌ஷனை முன்னாலேயே இறக்கி பிளாஸ்கில் எடுத்துக்கொண்டு, பால்பவுடரில் சமாளிக்கலாம், ஆனால் கும்பகோணத்துக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பிக்குப் பாலே வேண்டாம், விடிகாலை 3 மணிக்கும் ருசிக்கும்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. கேரி பேக், பிளாஸ்டிக் பூசிய தட்டு, டம்ளர் எதுவும் படகில் ஏறக் கூடாது. வாழையிலை, பாக்குமட்டைத் தட்டு, எவர்சில்வர் டம்ளர் போதும். அலையாத்திக் காட்டில் எச்சில் இலையையும் போட்டுவிட்டு வராதீர்கள், கட்டித் திரும்ப எடுத்து வாருங்கள்.

பெட்ரோல் கேனையும் சோற்று மூட்டையையும் படகின் ஒரே மூலையில் வைக்காதீர்கள். சோறு அந்த வாசனையை இழுத்துக்கொள்ளும், வாயில் வைக்க முடியாது.

7. தண்ணீர்

கழிமுகத்தில் அடிபம்புத் தண்ணீர் உப்புக் கரிக்கும். குடிக்க, ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் கணக்கு வையுங்கள். மீனும் கருவாடும் சாப்பிட்டால் தாகம் இன்னும் கூடும். 20 லிட்டர் கேன்களைக் கரையிலேயே ஏற்றிவிடுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் குறைந்தது பத்து இருக்க வேண்டும். நீராகாரம் குடிக்கப் பழகினால் பாதி வேலை முடிந்தது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் எங்கே, ராத்திரி படகு கிடைக்குமா என்று போன உடனே கேட்டு வையுங்கள்.

8. என்ன செலவாகும்

சாப்பாட்டுக்கு நான் ஒதுக்கும் கணக்கு இது. ஊரையும் காலத்தையும் பொறுத்து முன்பின் இருக்கும்.

- காலைச் சாப்பாடு ஆளுக்கு 50 முதல் 80 ரூபாய். பழைய சோறு என்றால் வாங்க மாட்டேன் என்பார்கள், நீங்கள் கொடுத்துவிடுங்கள்.
- மதியம் சோறு, குழம்பு, ஒரு வறுவல் ஆளுக்கு 150 முதல் 250 வரை. நண்டு, பெரிய இறால் என்றால் அன்றைய விலையில் தனிக் கணக்கு.
- இரவு டிபன் 60 முதல் 100.
- தூக்குச்சட்டி கொண்டுவரும் பையனுக்கு நாளைக்கு 200.
- படகு வாடகை பேசும்போது ‘போக, வர, காத்திருக்க’ மூன்றையும் சேர்த்துப் பேசுங்கள். இறங்கும்போது காத்திருப்புக்குத் தனிக் காசு கேட்பதுதான் வழக்கமான தகராறு. படகுக்காரருக்கும் சாப்பாடு உங்களோடுதான், தலைக்கணக்கில் அவரைச் சேர்க்காமல் விடாதீர்கள்.

கையில் சில்லறையாகப் பணம் வேண்டும். கூகுள் பே எல்லா வீட்டிலும் இருக்கிறது, டவர்தான் இருக்காது.

9. எந்த மாதம்

பொங்கல் முடிந்து மார்ச் வரை நல்ல காலம். மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, புது அரிசி வந்திருக்கும், பனங்கிழங்கு கிடைக்கும். பொங்கல் வாரத்திலேயே போகாதீர்கள், சமைக்க ஆள் கிடைக்காது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன் மட்டும்தான், விலை ஏறிவிடும். அந்த நேரத்தில் போனால் கருவாட்டுக் குழம்புக்குத் தயாராகப் போங்கள். அதற்கு ஈடாக நுங்கு கிடைக்கும், வேதாரண்யம் பக்கம் பாலாப்பழம் கிடைக்கும். வாயில் பிசின் மாதிரி ஒட்டும் பழம், தின்ன பிறகு மைக் பிடிக்க வேண்டாம்.

ஜூலைப் போட்டிக்குப் போகிறவர்கள் ஆடி வெள்ளியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள், அன்று பல வீடுகளில் கவிச்சி கிடையாது. புரட்டாசி மாதத்திலும் அப்படியே. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் கடைசி வரை புயல், மழை. ஆன்டெனா, அடுப்பு இரண்டுமே நிற்காது, போக வேண்டாம்.

10. திரும்புகிற நாள்

படகு எத்தனை மணிக்கு என்று முந்தின இரவே முடிவு செய்து, அதற்கு இரண்டு மணி நேரம் முன்பே சாப்பிட்டு முடியுங்கள். கழிமுகத்தில் காற்றுக்கு எதிராகப் படகு குதிக்கும்போது வயிற்றில் மீன் குழம்பு இருப்பது நல்லதில்லை. இரண்டு இட்லி, ஒரு டம்ளர் மோர் போதும்.

கணக்கை ஆன்டெனா இறக்குவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். கடைசி நேர அவசரத்தில் பாத்திரம் மாறும், மிச்சப் பணம் மறக்கும். வாங்கிய தூக்குச்சட்டி, கரண்டி எல்லாவற்றையும் எண்ணிக் கொடுங்கள். கருவாடு வாங்குவதாக இருந்தால் அதே வீட்டில் சொல்லிவிடுங்கள், நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்துக் கட்டித் தருவார்கள். கட்டியதை ரிக் இருக்கும் பையில் வைக்காதீர்கள். வாசனை போக மாதக்கணக்கில் ஆகும், உப்புத் தூள் கனெக்டருக்குள் போனால் பச்சை பிடிக்கும்.

மறுமுறை வரும் எண்ணம் இருந்தால் அக்காவின் போன் நம்பரோடு பஞ்சாயத்தார் ஒருவருடைய நம்பரையும் வாங்கிக்கொள்ளுங்கள். தேதி முடிவானதும் முதல் போன் பஞ்சாயத்தாருக்கு, இரண்டாவது அக்காவுக்கு. படகுக்காரருக்கு அதற்கு அப்புறம் பேசினால் போதும்.